மணி அடித்தபோது கப்பல் எங்கே இருந்தது

பிரேசர் டவுன், பெங்களூர்
12 ஆகஸ்ட் 1997

பெட்டி ஆபீசர் கே. அய்யாவு அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் உத்தமன். பெயரைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். இதில் பாதி ஆபீஸ் விஷயம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடற்கரைப் பீரங்கித் தளத்துக்குப் புதிதாக வந்திருக்கும் கணக்குப் பெட்டி எங்கள் கம்பெனி செய்தது. கப்பல் எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் போகிறது என்று நீங்கள் சொன்னால், பீரங்கியை எங்கே திருப்ப வேண்டும், எவ்வளவு தூக்க வேண்டும் என்று அது சொல்ல வேண்டும். அதற்குள் ஓடும் புரோகிராமை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஜூலைப் பயிற்சியில் ஒரு குண்டுகூட இலக்கின் பக்கத்தில் விழவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அதன் அடியில் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: ‘இந்தப் பெட்டி வேண்டாம். கையால் கணக்குப் போடும் பழைய மேசையே போதும்.’ கீழே உங்கள் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். ரூபினியின் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுகளில் அப்பா போட வேண்டிய இடத்தில் எல்லாம் அதுதான் இருக்கிறது.

ஆம், நான் உங்கள் தங்கை ரூபினியின் கணவன். கல்யாணம் ஆகி இரண்டு வருடம் ஆகப்போகிறது. நீங்கள் வரவில்லை. அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாததால் பேசவில்லை.

டிசம்பரில் கடைசிச் சோதனை. அதிலும் தவறினால் எங்கள் பிரிவை மூடிவிடுவார்கள். உங்கள் தளத்தையும் கலைத்து ஆட்களை ஆளுக்கொரு பக்கம் அனுப்பப்போவதாகக் கேள்விப்பட்டேன். இங்கிருந்து வந்த என்ஜினியர் பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு, நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு அது போதாது. கப்பலைப் பார்ப்பதிலிருந்து குண்டு கிளம்பும்வரை யார், என்ன, எந்த வரிசையில் செய்கிறார்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.

உங்கள் கமாண்டர் கோதண்டராமன் அவர்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம். எழுதக்கூடாத எண்களை அவரே அடித்துவிடுவதாகச் சொன்னார்.

ரூபினிக்கு இந்தக் கடிதம் தெரியாது.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
உத்தமன்


கடற்படை அஞ்சல் வழி
29-8-97

மிஸ்டர் உத்தமன்,

கமாண்டர் சொன்னதால் எழுதுகிறேன். நான் நலம். உங்கள் நலத்தைக் கேட்கும் அளவுக்கு நமக்குள் பழக்கம் இல்லை.

நான் கடற்படையில் பெட்டி ஆபீசர்தான். அதற்காக உங்கள் பெட்டிக்கு ஆபீசர் இல்லை.

கேட்டதைச் சொல்கிறேன். குன்றின் மேல் இரண்டு கூண்டு. ஒன்றில் இருப்பவன் கப்பலின் திசையைப் பார்ப்பான். இன்னொருவன் சாய்வுக் கண்ணாடியில் தூரம் பார்ப்பான். உயரத்திலிருந்து கீழே கடலைப் பார்க்கும் கண்ணாடி அது. குன்றின் உயரமும் பார்வையின் சாய்வும் தெரிந்தால் தூரம் கிடைத்துவிடும். இரண்டு பேரும் டெலிபோனில் கீழே கணக்கறைக்கு எண்ணைச் சொல்வார்கள். அறையில் இருப்பவன் திருப்பிச் சொல்வான். மேலே இருப்பவன் மறுபடி சொல்வான். பிறகு பெட்டியில் தட்டுவான். பெட்டி சொன்னதை இன்னொரு டெலிபோனில் பீரங்கிக்குச் சொல்வான். அங்கேயும் அதே மாதிரி. பிறகு திருப்புவோம், தூக்குவோம், குண்டு ஏற்றுவோம், சுடுவோம்.

உங்கள் பெட்டி கண் மூடித் திறப்பதற்குள் கணக்குப் போடுகிறது. பிரயோஜனம் இல்லை. இழுவைப் படகு ஒரு மிதவையைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும். அதுதான் இலக்கு. எங்கள் குண்டு எப்போதும் அதன் வாலுக்குப் பின்னால் விழுகிறது. சில நாள் தூரமும் தப்பு.

ஜூலைப் பயிற்சியின் தாள்களை கமாண்டர் இத்துடன் அனுப்புகிறார்.

கல்யாணத்தைப் பற்றிப் பேசவில்லை என்று எழுதி, பேசிவிட்டீர்கள். அப்பா அம்மா போன பிறகு ஸ்ரீராம்புரத்து வீட்டில் அவளுக்கு நான் ஒருவன்தான். என்னோடு கப்பலில் வேலை பார்த்த நல்ல பையனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவன் முகத்தைத் தினம் பார்த்துக்கொண்டுதான் ஒரு வருடம் ஓட்டினேன். இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன், பதில் எழுத வேண்டாம்.

கே. அய்யாவு


பிரேசர் டவுன்
15 செப்டம்பர் 1997

ஐயா,

எழுத வேண்டாம் என்றதை எழுதவில்லை. தாள்களைப் பற்றி மட்டும்.

சாப்பாட்டு மேசையிலிருந்து தட்டுகளை எடுத்துவிட்டு உங்கள் தாள்களைப் பரப்பினேன். ஆபீஸ் வேலை என்றேன், ரூபினி நம்பிவிட்டாள். தேதி வாரியாகப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. தூரம் ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைவு. ஒரே நாளிலேயே காலையில் ஒரு மாதிரி, மத்தியானம் வேறு மாதிரி. வெயில், காற்று, வெடிமருந்தின் சூடு என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் ஒத்துவரவில்லை.

எனக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர். பள்ளிக்கூட டூரில் மெரினாவுக்குப் போனதோடு சரி, வேறு கடல் பார்த்ததில்லை. அந்த டூரில் கரையில் கழற்றி வைத்த செருப்பை, திரும்பி வருவதற்குள் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. போன வாரம் சிவாஜி நகரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது காரணமே இல்லாமல் அந்தச் செருப்பு ஞாபகம் வந்தது. ஏறவேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டேன்.

பெட்டிக்குள் குன்றின் உயரத்தை ஒரே எண்ணாக வைத்திருக்கிறோம். கடல் ஏறினால் குன்று குட்டையாகிறது, இறங்கினால் நெட்டையாகிறது. ஓர் ஆள் உயரம் தண்ணீர் கூடினாலே தூரம் எவ்வளவோ மாறிவிடும். உங்கள் துறைமுகத்தின் ஏற்ற இறக்க அட்டவணையை வரவழைத்து, தாள்களோடு வைத்துப் பார்த்தேன். அப்படியே பொருந்துகிறது. கடல் மட்டத்தைத் தட்டுவதற்குப் புதிதாக ஓர் இடம் வைத்துவிட்டோம். ஃபிளாப்பி ஆபீஸ் மூலம் வரும்.

வாலுக்குப் பின்னால் விழுவதற்குக் காரணம் நீங்கள் எழுதிய வரிசையிலேயே இருக்கிறது. எண் பெட்டிக்கு வந்து சேரும்போது கப்பல் அந்த இடத்தில் இல்லை. மூன்று முறை திருப்பிச் சொல்வதை நிறுத்திவிடுங்கள். ஒரு முறை சொன்னால் போதும். பாதி நேரம் மிச்சம்.

மரியாதையுடன்
உத்தமன்


கடற்படை அஞ்சல் வழி
2-10-97

உத்தமன்,

பாறையில் அளவுக்கம்பு நட்டுத் தண்ணீர் மட்டம் பார்த்துத் தட்டினோம். தூரம் சரியாக வருகிறது. காலையும் மாலையும் சரி. பழைய மேசையில் கடல் மட்டத்துக்கு ஒரு திருகு உண்டு. பெட்டி அதைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று நாங்கள் நினைத்தோம். அப்படி ஒன்று உண்டு என்றே உங்களுக்குத் தெரியாது. யாரும் யாரையும் கேட்கவில்லை. கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு கண்டுபிடித்ததற்கு கமாண்டர் சபாஷ் சொல்லச் சொன்னார். நானும் சொல்கிறேன்.

திருப்பிச் சொல்வதை நிறுத்த மாட்டேன்.

காரணம் கேளுங்கள். பல வருடம் முன்பு வேறொரு தளத்தில் இருந்தேன். குண்டு விழும் இடத்தைப் பார்த்துச் சொல்வது என் வேலை. டெலிபோனில் இரைச்சல். இங்கிலீஷில் ‘ஃபைவ்’ என்று ஒருவன் சொன்னது இன்னொருவன் காதில் ‘நைன்’ என்று விழுந்தது. குண்டு போய் ஒரு மீன்பிடிப் படகுக்குப் பக்கத்தில் விழுந்தது. யாருக்கும் காயம் இல்லை. படகில் இருந்த ஆள் எழுந்து நின்றார். கையை ஆட்டவில்லை, கத்தவில்லை. எங்கள் குன்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு தூரத்திலிருந்து அவருக்கு நான் தெரிந்திருக்க முடியாது. எனக்கு என் கண்ணாடியில் அவர் பனியன் கிழிசல்வரை தெரிந்தது.

உங்களுக்கு எண் தப்பினால் திரையில் எண் தப்பும், எங்களுக்கு அப்படி இல்லை. வேகம் வேண்டுமென்றால் வேறு இடத்தில் பிடியுங்கள்.

நான் ஒரு இடம் சொல்கிறேன். எண் எப்போது வந்து சேர்ந்தது என்பது முக்கியம் இல்லை. எப்போது பார்த்தது என்பதுதான் முக்கியம். இரண்டு கூண்டுக்கும் கணக்கறைக்கும் ஒரே நேரத்தில் கேட்கிற மாதிரி ஒரு மணி அடிக்கட்டும். மணி அடிக்கும்போது கப்பல் எங்கே இருந்ததோ அதை மட்டும் சொல்கிறோம். எவ்வளவு பொறுத்து வந்து சேர்ந்தாலும் அது அந்த மணிக்கான எண். அடுத்த மணிக்குக் கப்பல் எங்கே இருக்கும் என்று உங்கள் பெட்டி சொல்லட்டும். முடியுமா?

அய்யாவு


பிரேசர் டவுன்
13 அக்டோபர் 1997

ஐயா,

முடியும். மணியைப் பெட்டியே அடிக்கும்படி செய்துவிட்டோம். எந்த மணிக்கான எண் எது என்பதை அதுவே பிரித்து வைத்துக்கொள்ளும். உங்கள் கடிதத்தை மேனேஜரிடம் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றுவிட்டார். பனியன் விஷயத்தைச் சொன்னதும் மறுபடி உட்கார்ந்துவிட்டார். திருப்பிச் சொல்வதை நிறுத்தச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனாலும் மூன்று முறை அதிகம் என்றே எனக்குப் பட்டது. எப்படிக் குறைப்பது என்று தெரியவில்லை. அப்போது ஒன்று செய்தேன். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

ரூபினி இப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் விசாரணைப் பிரிவில் இருக்கிறாள். நாள் முழுக்க ஊருக்கெல்லாம் எண் சொல்கிற வேலை. கன்னடத்தில், தமிழில், உருதுவில், இங்கிலீஷில். யாருக்கு, எதற்கு என்று சொல்லாமல் அவளிடம் கேட்டேன்: “நம்பர் தப்பாப் போகாம இருக்க நீங்க என்ன பண்றீங்க? மூணு தடவை சொல்வீங்களா?”

சிரித்தாள். “மூணு தடவை சொன்னா லைன்ல நிக்கிறவன் எல்லாம் வந்து அடிப்பான். சொன்னவங்க திருப்பிச் சொல்லக்கூடாது. கேட்டவங்க ஒரே ஒரு தடவை திருப்பிச் சொல்லணும். சரியா இருந்தா நான் வாயே திறக்க மாட்டேன். தப்பா இருந்தா மட்டும் ‘இல்லை’ம்பேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவங்க காது காத்துக்கிட்டு இருக்கணும். அப்புறம், ஒவ்வொரு எண்ணா இழுக்கக்கூடாது. ரெண்டு ரெண்டாச் சொன்னா மனசுல நிக்கும்.”

உங்களுக்கு எண்ணைத் திருப்பிச் சொல்வது வேண்டும், எனக்கு நேரம் வேண்டும். இதில் இரண்டும் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் தங்கை சொன்னது என்பதற்காக ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். செய்து பாருங்கள்.

உத்தமன்


கடற்படை அஞ்சல் வழி
6-11-97

மாப்பிள்ளைக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று கடிதம் மூன்று நாள் மேசை மேல் கிடந்தது. கமாண்டர் அந்தப் பக்கம் போகும்போது பார்த்துவிட்டு, “அவர் உனக்கு என்ன முறை ஆகணும்?” என்று கேட்டார். மைத்துனியின் கணவர் மாதிரி ஏதோ சொல்லி மழுப்பினேன். “முறையைக்கூடத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கணுமா உனக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனார். நம் கடிதங்களை எல்லாம் அவர்தானே படிக்கிறார். தமிழ் தெரிந்த அதிகாரி வாய்த்ததில் இது ஒரு சங்கடம்.

ரூபினி சொன்ன மாதிரி செய்கிறோம். முதல் வாரம் பையன்கள் அவதிப்பட்டார்கள். பதில் வராவிட்டால் சரி என்று அர்த்தம் என்பதை நம்ப முடியவில்லை அவர்களுக்கு. கிருஷ்ணப்பா என்று கோலார் பக்கத்துப் பையன், கணக்கறையில் டெலிபோன் பிடிப்பவன், எண்ணைச் சொல்லிவிட்டு, கன்னடத்தில் “ஆய்தா, ஆய்தா?”, ஆச்சா ஆச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இப்போது பழகிவிட்டது. வேண்டுமென்றே எண்ணைத் தப்பாகத் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன், ஒன்றுகூட விடாமல் பிடிக்கிறார்கள்.

மணியால் இன்னொரு லாபம். முன்பெல்லாம் எண் வரும்வரை பீரங்கிக்காரர்கள் சும்மா நின்றுகொண்டிருப்பார்கள். இப்போது ஒரு மணியில் ஏற்றுகிறார்கள், அடுத்த மணியில் திருப்புகிறார்கள். யாரும் ஓடுவதில்லை, கத்துவதில்லை. முன்பு மீன் மார்க்கெட் மாதிரி இருந்தது. இப்போது நல்ல ஓட்டலின் சமையல்கட்டு மாதிரி இருக்கிறது. நேரம் பாதிக்கும் கீழே.

அவள் டெலிபோன் ஆபீஸில் இருக்கிறாள் என்பதே உங்கள் கடிதத்திலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. நர்ஸ் ஆகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். உடம்பு எப்படி இருக்கிறது? ஷிஃப்ட் முடிந்து எப்படி வீட்டுக்கு வருகிறாள்? யாராவது கூட வருகிறார்களா?

சோதனை டிசம்பர் முதல் வாரம்.

அய்யாவு


பிரேசர் டவுன்
20 நவம்பர் 1997

மச்சான்,

எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

உடம்பு நன்றாக இருக்கிறது. ஆபீஸ் வண்டி தெரு முனைவரை கொண்டுவந்து விடுகிறது. நர்ஸிங்குக்கு இடம் கிடைத்தது, ரத்தத்தைப் பார்த்ததும் மயங்கி விழுந்தாள், அதோடு விட்டுவிட்டாள். இதை நான் சொன்னதாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் பிரிவில் யாருக்கும் வேலை ஓடவில்லை. சோதனை முடிந்ததும் ஒரு வரி போடுங்கள். தோற்றாலும் போடுங்கள்.

உத்தமன்


கடற்படை அஞ்சல் வழி
5-12-97

மாப்பிள்ளை,

ஒரு வரி கேட்டீர்கள். ஒரு வரியில் அடங்காது.

காலையில் அட்மிரலும் டெல்லியிலிருந்து நான்கு பேரும் வந்து குன்றின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். காற்று கொஞ்சம் பலம். மிதவையை இழுத்துக்கொண்டு படகு தெற்கிலிருந்து வந்தது. முதல் இரண்டு மணி பார்வைக்கு மட்டும். மூன்றாவது மணியில் முதல் குண்டு. மிதவைக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி விழுந்தது. முன்னால், மாப்பிள்ளை! இத்தனை மாதம் வாலையே பார்த்த எங்களுக்கு அதுவே தீபாவளி. திருத்தம் சொன்னேன். அடுத்த குண்டு ஏற்றி, திருப்பி, பீரங்கி தயார் என்று குரல் வந்துவிட்டது. நான் கண்ணாடியில் இருந்தேன்.

அப்போதுதான் பாறை மறைவிலிருந்து ஒரு படகு வெளியே வந்தது. இரண்டு பேர், ஒரு வலை. சுடும் பகுதிக்குள் வரக்கூடாது என்று கிராமம் கிராமமாகச் சொல்லியிருந்தோம். காவல் படகும் நிறுத்தியிருந்தோம். எப்படியோ வந்துவிட்டார்கள்.

“நிறுத்து” என்றேன்.

பழைய வழியில் என்ன நடக்கும் தெரியுமா? நான் சொன்னதைக் கணக்கறை திருப்பிச் சொல்லும், நான் மறுபடி சொல்வேன், அதற்குள் பீரங்கி தன் வேலையைச் செய்துவிடும். இந்த முறை லைன் அமைதியாக இருந்தது. எல்லோர் காதும் அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்தது. கிருஷ்ணப்பா ஒரே தடவை “நிறுத்து” என்றான். பீரங்கி மேல் இருந்தவன் கையை எடுத்துவிட்டான். மணி அடித்தது. யாரும் அசையவில்லை.

படகில் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. அவர்கள் பாட்டுக்கு வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். காவல் படகு போய் அவர்களை அழைத்து வெளியே கொண்டுபோகும்வரை நான் கண்ணாடியை விடவில்லை.

சோதனை போச்சு என்றுதான் நினைத்தேன். அட்மிரல் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். “எவ்வளவு சீக்கிரம் சுடுவீர்கள் என்று பார்க்க வந்தேன். எவ்வளவு சீக்கிரம் சுடாமல் இருப்பீர்கள் என்று பார்த்துவிட்டேன். மிச்சத்தையும் முடியுங்கள்” என்றார். முடித்தோம். நான்காவது குண்டில் மிதவை சிதறியது. இழுவைப் படகுக்காரன் வயர்லெஸ்ஸில் மலையாளத்தில் எதையோ கத்தினான், நல்ல வார்த்தையாகத்தான் இருக்க வேண்டும்.

தளம் கலையாது. உங்கள் பெட்டி இங்கேயே இருக்கும். கமாண்டர் எல்லோருக்கும் பிரியாணி சொல்லியிருக்கிறார்.

அந்தப் படகு இன்றைக்குக் கரைக்குத் திரும்பியதற்கு என் தங்கைக்கும் பங்கு உண்டு. அவளிடம் சொல்லிவிடுங்கள். நானே எழுத வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

அய்யாவு


பிரேசர் டவுன்
16 டிசம்பர் 1997

மச்சான்,

உங்கள் கடிதம் வந்த அன்று ஆபீஸில் கேக் வெட்டினார்கள். வீட்டுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு வந்து, ரூபினியை உட்காரவைத்து, ஆகஸ்டிலிருந்து நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள், அழுவாள், உடனே உங்களுக்கு எழுத உட்காருவாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன்.

கேக்கை அப்படியே நகர்த்தி வைத்தாள்.

“ரெண்டு பேரும் பீரங்கியை நடுவுல வெச்சு சமாதானம் ஆயிட்டீங்க. மச்சான், மாப்பிள்ளை எல்லாம் ஆயாச்சு. சண்டை யாருக்கு யாரோட? என்னை யாராவது கேட்டீங்களா?”

“உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான்...” என்றேன்.

“என் வாயில இருந்து வார்த்தையை வாங்கிப்போய்க் குடுத்திருக்கே, யாருக்குன்னு சொல்லாம. நல்லது நடந்துச்சு, சரி. அந்தப் படகுக்காரங்க பொழைச்சாங்க, சரி. ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணனுக்கு எழுதினேன். ‘வரியா, வேண்டாமா, எதா இருந்தாலும் எழுது’ன்னு. பதிலே இல்லை. டெலிபோன்ல பேசாம இருந்தா சரின்னு அர்த்தம். வீட்டுலயும் அப்படியா?”

இரண்டு நாள் தேவைக்கு மட்டும் பேசினாள். நேற்றுத்தான் முடிவைச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

ஜனவரியில் பெட்டியை நிரந்தரமாகப் பொருத்த நான் உங்கள் தளத்துக்கு வருகிறேன், இரண்டு வாரம். நீங்கள் லீவு போட்டு அதே நாட்களில் இங்கே வர வேண்டும். “நீ இல்லாதப்போதான் வரணும். உன்னைப் பாக்கவோ, உன்கூட பீரங்கிக் கதை பேசவோ வரக்கூடாது. என்னைப் பாக்க வரணும்.”

நாம் சந்திப்பது தள்ளிப்போகிறது. வேறு வழி இல்லை, மச்சான்.

உத்தமன்


கடற்படை அஞ்சல் வழி
27-12-97

மாப்பிள்ளை,

லீவு கிடைத்துவிட்டது. வருகிறேன். கமாண்டரிடம் காரணம் கேட்காமலே கையெழுத்து வாங்கலாம் என்று போனேன். “காரணம் போன கடிதத்திலேயே படித்துவிட்டேன்” என்றார்.

பயமாக இருக்கிறது.

அய்யாவு


பீரங்கித் தளம்
14 ஜனவரி 1998

மச்சான்,

பொங்கல் வாழ்த்து. உங்கள் கட்டிலில் படுத்து, உங்கள் டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். கிருஷ்ணப்பா காலையில் எழுப்பி, “உங்க மச்சானா இருந்தா இந்நேரம் திட்டியிருப்பாரு, சார்” என்று வருத்தப்பட்டான்.

நேற்று பயிற்சியைப் பார்த்தேன். மணி, அமைதி, ஏற்றுதல், மணி, திருப்புதல், மணி. என் புரோகிராமில் ஒரு வரியாக இருப்பது இங்கே ஒரு மனிதனின் தோள் என்று இப்போதுதான் தெரிகிறது. முதல் குண்டு கிளம்பியபோது நான் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்கள்.

சாயங்காலம் பாறையில் இறங்கி உங்கள் அளவுக்கம்பைத் தொட்டுப் பார்த்தேன். அலை வந்து முட்டிவரை நனைத்தது. ரொம்ப நேரம் அங்கேயே இருந்தேன்.

ரூபினி எப்படி இருக்கிறாள்? உங்களை வீட்டுக்குள் விட்டாளா?

உத்தமன்


பிரேசர் டவுன், பெங்களூர்
19-1-98

மாப்பிள்ளை,

விட்டாள்.

கதவைத் திறந்து, “வா, செருப்பை அங்க விடு” என்றாள். மத்தியானம் சாப்பிட்டு முடித்த பிறகு எதிரே உட்கார்ந்து கேட்டாள். “என் லெட்டர் வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சு.”

“படிச்சியா?”

“படிச்சேன். வேண்டாம்னு எழுத மனசு வரலை. சரின்னு எழுதக் கை வரலை. வாக்குக் குடுத்த இடத்துல என்ன சொல்றதுன்னும் தெரியலை. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம்னு தள்ளினேன். கல்யாணத் தேதியே போயிடுச்சு.”

“வேண்டாம்னு எழுதியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன்டா. உன்னோட சண்டை போடுறதுக்காவது எனக்கு ஆள் இருந்திருக்கும்” என்றாள். அப்புறம் அழுதாள். நானும்தான். இதை எழுத வெட்கமில்லை, கமாண்டர் படித்தால் படிக்கட்டும்.

மறுநாள் காலை ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வரச் சொன்னாள். வாங்கி வந்தேன். கையில் கொடுத்து, கீழே வீட்டுக்காரம்மாவிடம் போய்க் கொடுத்துவிட்டு வா என்றாள். எதற்கு என்றேன். அப்போதுதான் சொன்னாள். ரிஜிஸ்டர் ஆபீஸில் உங்கள் பக்கம் கையெழுத்துப் போட நண்பர்கள் இருந்தார்களாம். பெண் பக்கம் ஒருவரும் இல்லை என்று அந்த வீட்டுக்காரம்மா, மௌரீன் ஆன்ட்டி, மழையில் ஆட்டோ பிடித்து வந்து போட்டார்களாம். “நீ நிக்க வேண்டிய இடத்துல அவங்க நின்னாங்க. போய் தேங்க்ஸ் சொல்லு.”

அட்மிரல் முன்னால்கூட நான் சட்டையை இத்தனை முறை இழுத்துவிட்டுக்கொண்டதில்லை. படி இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். நான் ரூபினியின் அண்ணன் என்றேன். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னை மேலிருந்து கீழே பார்த்தார்கள்.

“யூ ஆர் லேட், மேன்” என்றார்கள். “ரெண்டு வர்ஷம் லேட். கம் இன், கம் இன். மழை இல்லை இன்னைக்கு, லக்கி ஃபெல்லோ.”

உள்ளே உட்காரவைத்து ஒயின் கொடுத்தார்கள். காலை பத்து மணி, மாப்பிள்ளை! கல்யாணத்தன்று ரூபினி என்ன புடவை கட்டியிருந்தாள், நீங்கள் எப்படிச் சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தீர்கள், ரிஜிஸ்ட்ரார் எப்படி உங்கள் பெயரைத் தப்பாக எழுதி அடித்துத் திருத்தினார் என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்கள். இடையில் ரூபினியும் இறங்கி வந்தாள். ஆன்ட்டி விட்ட இடத்தை எல்லாம் அவள் நிரப்பினாள். மத்தியானம்வரை மூன்று பேரும் உங்கள் கல்யாணத்தைப் பேசினோம். இப்போது நான் வந்த மாதிரிதான் இருக்கிறது.

நாளை கிளம்ப வேண்டும் என்று பையைக் கட்டினேன். ரூபினி அதை அவிழ்த்து, துணிகளைத் துவைக்கப் போட்டுவிட்டாள். ஈரத் துணியோடு எப்படிப் போவது? கமாண்டருக்கு போன் செய்தேன், இன்னும் நான்கு நாள் கொடுத்துவிட்டார். ஆகவே வெள்ளிக்கிழமை நீங்கள் வரும்போது நான் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வருவேன். ரூபினி ஷிஃப்டுக்குப் போகிறாள், நான் மட்டும்தான். பிளாட்பாரத்தில் புத்தகக் கடைக்குப் பக்கத்தில் நீலச் சட்டை போட்டு நிற்பேன்.

நீங்கள் என் இடது பக்கமாக வந்து கூப்பிடுங்கள், மாப்பிள்ளை. வலது காதைப் பீரங்கிக்குக் கொடுத்து ரொம்ப நாள் ஆகிறது.

அய்யாவு